நாலு விரல் துண்டு

பரந்தன் சந்தியிலிருந்து உள்ளே போகிற வீதியில், மாதர் சங்கக் கட்டடத்தில் நான் தையல் பழக்குகிறேன். முதலில் தலையணை உறை, பிறகு உள்பாவாடை, பிறகு சோட்டி, கடைசியாகச் சாறிச் சட்டை. வருடக்கணக்காக இதுதான் வரிசை. போன வருடம் வந்த பிள்ளைகளில் ஒருத்தி ஆடைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்தவள், கலியாணத்தோடு நின்றுவிட்டவள். ஒரு பின்னேரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"ரீச்சர், மேலுக்குப் போடுறது எல்லாம் பழக்கிறியள். உள்ளுக்குப் போடுறதை ஏன் பழக்கிறேல்லை?"

வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. எனக்கும் பதில் வரவில்லை. அவள் சோக்கட்டியை எடுத்து வெட்டுமேசையிலேயே கீறத் தொடங்கினாள். முன்துண்டு ஒன்று. அதைவிடப் பெரிதாகப் பின்துண்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவில், மேலும் கீழும் அகன்று இடை ஒடுங்கிய சின்னத் துண்டு. அதில் மட்டும் இரண்டு வெட்ட வேண்டும் என்று சொல்லி, ஒடுங்கிய இடத்தின் மேல் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினாள். "இதுதான் கஸற். இது பிழைச்சால் முழு ஜங்கியும் பிழை, ரீச்சர். மிச்சமெல்லாம் சும்மா ஸ்ரைல்."

அந்த நாலு விரல் துண்டு என் மண்டையை விட்டுப் போகவில்லை. முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவள் நான். உடம்போடு இத்தனை நெருக்கமாக இருக்கிற உடுப்பு எங்கிருந்து வந்தது, யார் முதலில் வெட்டினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தேடினேன். படித்தேன். வயது போனவர்களிடம் கேட்டேன். கிடைத்ததை வைத்துப் பார்த்தால், ஜங்கியின் கதை அந்த நடுத்துண்டின் கதைதான்.

எங்கள் பக்கத்துச் சொல்லே வேறொன்றைச் சொல்கிறது. இந்தியாவில் ஜட்டி என்பதை நாங்கள் ஜங்கி என்போம், சிங்களத்தில் ஜங்கிய என்பார்கள். ஹிந்தியில் ஜாங்க் என்றால் தொடை, ஜாங்கியா என்றால் தொடையளவு உடுப்பு. ஜங்கி, ஜங்கிய, ஜாங்கியா மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள். ஆக, பெயர் காலின் பெயர். நடுவுக்குப் பெயரில் இடமில்லை.

என் அம்மம்மா ஜங்கி போட்டதில்லை. வீட்டில் குறுக்குக்கட்டு, கோயிலுக்குப் போனால் கொய்யகம் வைத்துச் சீலை. உள்ளே ஒன்றுமில்லை. அவரைப் போலத்தான் அந்தத் தலைமுறையில் ஊர்ப்பெண்கள் பெரும்பாலும். வயல் வெக்கையில் தளரக் கட்டிய சீலைக்குள் காற்றுப் போய்வரும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதத்தில் அந்த நாலைந்து நாள் மட்டும் கதை வேறு. பழஞ்சீலையைக் கிழித்து, நீளமாக மடித்து, இடுப்பில் ஒரு கயிறு கட்டி, முன்னால் ஒரு தலைப்பும் பின்னால் ஒரு தலைப்பும் கயிற்றில் செருகிக்கொள்வார்கள். ஆண்களின் கோவணமும் இதே அமைப்புத்தான். ஒரு நடு, ஒரு கயிறு. கால் சுற்றும் துணி இல்லை, இடுப்புச் சுற்றும் துணி இல்லை. தையல்காரியாகச் சொல்கிறேன், கோவணம் என்பது முழுக்க முழுக்க ஒரு கஸற்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனால் ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே நேர்மாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும்வரை அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்கள் கவுனுக்குள் நீளச் சட்டை போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு முழங்கால்வரை நீண்ட உள்காற்சட்டை வந்தது. வந்தபோது அது இரண்டு தனிக் கால்கள். மேலே இடுப்புப் பட்டியில் மட்டும் சேர்ந்திருக்கும், நடு திறந்தே கிடக்கும். காரணம் இருந்தது. உடம்பை இறுக்கும் கோர்செற், அதன்மேல் நாலைந்து பாவாடை, அதன்மேல் கவுன். இத்தனையும் போட்டுக்கொண்டு மலசலகூடம் போகிறவள் எதை அவிழ்ப்பாள்? திறந்து கிடந்தால்தான் அவளுக்குச் சரி. இன்னொரு காரணமும் உண்டு. நடு மூடிய காற்சட்டை ஆண்களின் உடுப்பு என்று அந்தச் சமூகம் எண்ணியது, பெண் அதைப் போடுவது ஒழுக்கக்கேடு என்றும் நினைத்தது.

அங்கே கால் இருந்தது, நடு இல்லை. எங்கள் அம்மம்மாக்களிடம் நடு இருந்தது, கால் இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஜங்கி பிறந்தது.

சேர்த்து வைத்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1851 இல் அமெரிக்காவில் எலிசபெத் ஸ்மித் மில்லர் என்ற பெண் குட்டைப் பாவாடையும் அதன் கீழே தளர்ந்த நீளக் காற்சட்டையுமாக வெளியே வந்தார். அவருடைய தோழி அமீலியா புளூமர் தன் பத்திரிகையில் அதை ஆதரித்து எழுத, உடுப்புக்குப் புளூமரின் பெயரே நிலைத்துவிட்டது. தெருவில் கேலி செய்தார்கள், தேவாலயத்தில் கண்டித்தார்கள். ஒரு சில வருடத்தில் அந்தப் பழக்கம் ஓய்ந்தும் போனது. 1890களில் பெண்கள் சைக்கிள் ஓடத் தொடங்கியபோது அது திரும்பி வந்தது. திறந்த நடுவோடு சைக்கிள் ஆசனத்தில் இருக்க முடியாது. மூடியே ஆக வேண்டும்.

முதலாம் உலகப் போர் முடிகிற நேரம் பாவாடை உயர உயர உள்ளே இருந்ததும் உயர வேண்டியிருந்தது. 1918 இல் பிரான்சின் துரோவா நகரத்தில் எத்தியன் வல்தோன் என்பவர் கத்தரிக்கோலை எடுத்து நீள உள்காற்சட்டையின் இரண்டு கால்களையும் வெட்டி எறிந்தார் என்று சொல்வார்கள். துரோவா பின்னலாடைக்குப் பேர்போன ஊர், பிரான்சின் திருப்பூர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய தகப்பன் 1893 இல் தொடங்கிய ஆலை அது. பிள்ளைகள் பாடும் ஒரு படகுப் பாட்டைக் கேட்டபோது இந்த யோசனை வந்ததாம். அதனால் பெத்தி பத்தோ, அதாவது சின்னப் படகு, என்ற பெயரே வியாபாரப் பெயராயிற்று. நீளக் காலும் பொத்தானும் இல்லாமல், பருத்திப் பின்னல் துணியில், இடுப்பிலும் தொடையிலும் மாத்திரம் பிடிக்கிற அந்தச் சின்ன உடுப்புக்கு 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. முதலில் அது குழந்தைகளுக்குத்தான். அம்மாக்கள் அதைத் துவைத்துக் காயப்போட்டிருப்பார்கள், கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள், தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். இந்தக் கடைசி வசனம் என் ஊகம். ஆனால் பிள்ளை வளர்த்த எவளும் இதை மறுக்கமாட்டாள்.

கால் போனதும் நடு முக்கியமாகிவிட்டது. முன்னையும் பின்னையும் நேரே ஒட்டித் தைத்தால் தையல் சரியாக நடுவில் வந்து உட்காரும். அது என்ன பாடு படுத்தும் என்று வன்னிப் பெண்ணுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நான் படித்த காலத்தில் முரசுமோட்டையிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம். கிரவல் வீதி, குண்டும் குழியும். தடித்த தையல் அந்த இடத்தில் அரைத்துக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்தால் எரியும். அம்மாவிடம் சொல்ல வெட்கம். சைக்கிள்தான் காரணம் என்று பல வருடம் நினைத்திருந்தேன். காரணம் வெட்டு.

நடுவில் தனித் துண்டு வைத்தால் தையல் நடுவை விட்டு முன்னுக்கும் பின்னுக்கும் விலகிப் போய்விடும். யோசனை புதிதல்ல. ஐரோப்பியர் பழைய காலத்துச் சட்டைகளில் அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்தார்கள், கை தூக்கினால் கிழியாமல் இருக்க. சல்வாரில் இரண்டு காலுக்கும் நடுவே மியானி என்று ஒரு துண்டு வைப்பார்கள். சம்மணம் போட்டு இருக்கும்போது இடம் கொடுப்பது அதுதான். இழுபடாத நெய்த துணிக்கு அசைவு கொடுக்கிற பழைய தையல் அறிவு இது. ஜங்கிக்குள் வந்தபோது அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது: ஈரத்தை உறிஞ்சுவது. அதனால்தான் இரண்டு மடிப்பு. வெளித்துணி நைலோனோ லேசோ எதுவாகவும் இருக்கலாம், உள்மடிப்புப் பருத்தியாக இருக்க வேண்டும். இதை நான் அடித்துச் சொல்வேன். எங்கள் சித்திரை வெயிலில் நைலோன் நடுவோடு ஒரு நாள் முழுக்க நாற்று நட்டுப் பார்த்தவளுக்குக் காரணம் தெரியும்.

நடு சரி. இடுப்பில் நிற்பது எப்படி? முதலில் நாடா, பிறகு பொத்தான். 1820 இல் லண்டனில் தோமஸ் ஹான்கொக் ரப்பரை நீளநீளமாக வெட்டி உடுப்பில் வைக்கிற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அந்த ரப்பர் வெயிலில் இளகியது, குளிரில் விறைத்தது. 1839 இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார். இந்தக் கதை எங்கள் தீவுக்குள் வருகிறது 1876 இல். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை கொஞ்சம். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி, சுமார் 1,900, கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டார்கள். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மழைமலைகளில் பரவின. வன்னியின் வறண்ட காற்று அந்த மரத்துக்குப் பழக்கமில்லை, எங்கள் ஊர்க்காரருக்கு அது பள்ளிக்கூடப் புத்தகத்து மரம். ஆனாலும் 1942 இல் மலாயா ஜப்பான் கைக்குப் போனபோது, நேசநாடுகளுக்குப் பெரிதாக மிஞ்சிய ரப்பர் இந்தத் தீவின் ரப்பர்தான். மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பாலை வடித்தார்கள். இங்கிலாந்தில் எலாஸ்ரிக் கிடைக்காமல் பெண்கள் மறுபடி பொத்தானுக்குப் போனார்கள்.

அதற்குச் சற்று முன்னரே, 1931 அளவில், மெல்லிய ரப்பர் நூலின்மேல் பருத்தி நூலைச் சுற்றும் வழி வந்திருந்தது. 1958 இல் அமெரிக்காவின் டூபொன் கம்பனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் ரப்பர் மரமே தேவையில்லாத இழுபடும் இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்று விற்கப்படுவது அதுதான். இன்று நூறு பங்கு துணியில் நாலைந்து பங்கு அது கலந்திருந்தாலே போதும், துணி தன் இடத்துக்குத் திரும்பி வரும்.

எலாஸ்ரிக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. என் மாணவிதான் எனக்கு அதைப் பழக்கினாள், நான் அவளுக்கு அல்ல. தொடைச் சுற்றுக்கு வைக்கும் எலாஸ்ரிக்கை ஒரே இழுவையில் தைக்கக் கூடாது. முன்பக்கம், தொடை மடியும் இடத்தில், இழுக்காமல் அப்படியே வைக்க வேண்டும். பின்பக்கம் வரும்போது இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்னால் இழுத்தால் கவட்டில் வெட்டும், கறுத்துப் போகும். பின்னால் இழுக்காவிட்டால் நடக்க நடக்கத் துணி மேலே ஏறிச் சுருளும். "கண்ணால பாக்க ஏலாது ரீச்சர், கைதான் சொல்லும்" என்றாள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தைத்த கை அது.

அந்தக் கை எப்படி வன்னிக்கு வந்தது? கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் தொடங்கியது. பிறநாடுகள் இலங்கையில் உடுப்புத் தைக்க வந்ததற்கு அப்போது உலகில் இருந்த, ஒரு நாடு இவ்வளவு உடுப்புத்தான் ஏற்றுமதி செய்யலாம் என்ற கோட்டா முறை பெரிய காரணம். அந்தக் கோட்டா 2004 முடிவோடு ஒழிந்துபோகும் என்று முன்பே தெரியும். சாதாரணச் சட்டை தைத்தால் சீனாவோடும் பங்களாதேசோடும் விலையில் போட்டிபோட ஏலாது. உள்ளாடை அப்படியல்ல. சின்னச் சின்னத் துண்டு, வளைவு, இழுபடும் துணி, பிழைக்கு இடமில்லாத அளவு, தோலில் படுகிற தையல். கை பழக வேண்டும். 1987 இல் மகேஷ், ஷரத், அஜய் அமலியன் சகோதரர்கள் தொடங்கிய எம்.ஏ.எஸ். நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் பிறந்த டிரையம்ப் கம்பனியோடு சேர்ந்து பொடிலைன், வேறு வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு சேர்ந்து ஸ்லிம்லைன் என்று ஆலைகள் எழும்பின. விக்ரோரியாஸ் சீக்ரெட் கடைகளுக்கு இந்தத் தீவிலிருந்து ஜங்கியும் பிறாவும் போயின.

அந்த வருடங்களில் போரால் எங்களுக்கு ஏ-9 வீதி மூடிக் கிடந்தது. உலகத்தின் மிக மெல்லிய லேஸ் இந்தத் தீவிலேயே தைக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, வன்னியில் நாங்கள் சீத்தைத் துணியில் வீட்டிலேயே ஜங்கி தைத்தோம். இடுப்புக்குச் சைக்கிள் ரியூப்பை மெல்லிய வளையமாக வெட்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தோல் தடித்துப் போகும். வேறு வழியில்லை.

2009 இல் போர் முடிந்த பிறகு ஆலைகள் வடக்கே வந்தன. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் விடியல், வானவில் என்ற இரண்டு. வவுனியாவில், இன்ரிமிஸ்ஸிமி என்ற பெயரில் உள்ளாடை விற்கும் அப்போது கால்செதோனியா என்று அழைக்கப்பட்ட இத்தாலியக் குழுமத்தின் ஆலை. விடிய ஐந்து மணிக்கு ஊர் மதகடிகளில் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். ரார்கெட் கடினம் என்பார்கள், நின்றே வேலை என்பார்கள், சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கூரை போட்டோம் என்றும் சொல்வார்கள். எல்லாமே உண்மை. வீட்டில் உழைக்கிற ஆண் இல்லாத குடும்பங்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை 2010 இல் நிறுத்தி 2017 இல் திரும்பக் கொடுத்தபோது அது கொழும்பின் செய்தி மட்டுமல்ல. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையின் செய்தியும்தான்.

அவள் தைக்கிறாள், ஆனால் அவளுக்கே எது பொருந்தும் என்று அவள் கடையில் கேட்டதில்லை. எனக்கு மனதில் தைத்தது இதுதான். கிளிநொச்சிச் சந்தைக் கடைக்குப் போனால் முன்னால் நிற்பது ஒரு ஆண்பிள்ளை. "ஒரு பெட்டி எடுங்கோ, எம் சைஸ்" என்று கண்ணைத் தாழ்த்திச் சொல்வோம். அவர் பேப்பரில் சுற்றித் தருவார். விரித்துப் பார்க்கவும் மாட்டோம். நடுத்துண்டு எங்கே தொடங்குகிறது, உள்மடிப்புப் பருத்தியா என்று யார் பார்த்தது? நான் கலியாணம் முடித்த வருடம் எடுத்த அளவையே இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் எடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் சிவந்த கோடு விழும், அது எல்லாருக்கும் விழுவதுதான் என்று நினைத்தேன். போர் முடிந்தபோது அகதிகளாக நாங்கள் இருந்த மெனிக்பாம் முகாமில் நிவாரணப் பொதியில் கிடைத்த ஜங்கிகள் எல்லாம் ஒரே அளவு. என் பதின்மூன்று வயது மருமகளுக்கும் என் மாமிக்கும் அதே அளவு. அந்த நேரத்தில் கிடைத்ததே பெரிது. ஆனாலும் மாமி இரவில் ஊசியும் நூலுமாக இருந்து பக்கத் தையலைப் பிரித்து, சட்டைத் துண்டு வைத்து அகட்டிக்கொண்டது என் கண்ணில் நிற்கிறது.

முகாமில் மாதத்தின் அந்த நாட்களுக்குக் கிழிக்கவும் பழஞ்சீலை இல்லை. பாட் தந்தார்கள். ஒட்டுகிற பாட் 1970 ஐ ஒட்டித்தான் உலகில் வந்தது. அதுவரை மேல்நாட்டுப் பெண்களும் இடுப்பில் பட்டி கட்டிக் கொளுவியவர்கள்தான், எங்கள் கயிற்றுக்கு அவர்களுடைய பட்டி அக்கா முறை. ஒட்டுகிற பாட் வந்த பிறகு ஜங்கி இல்லாமல் மாதவிடாய் இல்லை என்றாயிற்று. நடு ஒடுங்கிய ஜங்கியில் பாட் நிற்காது, சுருளும், பக்கத்தால் கசியும். பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சீருடை போடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு அங்குலம் பெரிய விஷயம். அந்த நாட்களுக்கென்று நடு அகன்று, முன்னும் பின்னும் நீண்ட முழு ஜங்கி இரண்டு மூன்று தனியே வைத்திருக்கச் சொல்கிறேன்.

இப்போது என் வகுப்பில் முதலில் செய்வது அளவு எடுப்பது. இடுப்பளவு அல்ல, பலர் பிழைவிடுவது இங்கேதான். பின்பக்கம் மிகவும் புடைத்து நிற்கும் இடத்தைச் சுற்றி நாடாவைத் தளரவும் விடாமல் இறுக்கவும் விடாமல் பிடிக்க வேண்டும். ஜங்கியின் அளவு அந்தச் சுற்றைப் பார்த்துத்தான். ஒரு கம்பனியின் எம் இன்னொரு கம்பனியின் எல்லாக இருக்கும், பெட்டியில் அங்குலமோ சென்ரிமீற்றரோ போட்டிருந்தால் அதைப் பாருங்கள், எழுத்தை நம்பாதீர்கள். போட்டுப் பார்த்துக் குந்தி எழும்புங்கள். மேலே ஏறினால் பின்துண்டு காணாது. கவட்டில் இழுத்தால் நடு குட்டை. முன்னால் மடிந்து பையாக நின்றால் அளவு கூட.

வடிவு பிறகு. ஆனால் வடிவும் வேண்டும், அதைக் கேட்பதில் பிழையில்லை. யாருக்கும் காட்டாத உடுப்பு வடிவாக இருந்து என்ன என்று கேட்கிறவர்கள், போடுகிறவள் அதைப் பார்க்கிறாள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அகன்ற பின்பக்கம் உள்ளவர்களுக்குக் கால் வெட்டு கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் தொடையை அமுக்காது, கால் நீளமாகவும் தெரியும். ஒடுங்கிய உடம்புக்காரிக்கு, இடுப்பெலும்பில் நின்று குறுக்காகப் போகிற வெட்டு நிறைவு கொடுக்கும். தொடையோடு தொடை உரசிப் புண்ணாகிறவர்களுக்கு, வயலில் நிற்பவர்களுக்கும் சைக்கிள் ஓடுபவர்களுக்கும், சின்னக் காற்சட்டை போல் தொடையில் இரண்டு மூன்று அங்குலம் இறங்கியது நல்லது. பின்னால் பட்டி மட்டும் வைத்த தொங் வகை இறுகப் பிடிக்கும் காற்சட்டைக்குள் கோடு தெரியாமல் இருக்க உதவும், எங்கள் வெக்கையில் அதை நாள் முழுக்கப் போட நான் சொல்லமாட்டேன். சாறி உடுத்து வேலைக்குப் போகிற ரீச்சர்மாருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உள்பாவாடை நாடா இறுகும் அதே கோட்டில் ஜங்கியின் எலாஸ்ரிக்கும் இறுகினால் இரட்டைத் தழும்பு விழும். நாடாவுக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறதாகவோ தொப்புளைத் தாண்டி மேலே போகிறதாகவோ எடுங்கள், ஒரே கோட்டில் வேண்டாம். சிசேரியன் தழும்பு உள்ளவளுக்கும் இதே கணக்கு: எலாஸ்ரிக் தழும்பின்மேல் மட்டும் நிற்கக் கூடாது.

எங்கள் மண்ணில் வேறு தழும்புகளும் உண்டு. வயிற்றில், தொடையில் செல்துண்டு ஏறிய இடங்கள். செயற்கைக் கால் பூட்டுகிறவள் தொடையில் தையல் தடிப்பே இல்லாததைத் தேட வேண்டியிருக்கிறது, பூட்டும் பட்டி அதன்மேல் அழுத்தும். சக்கர நாற்காலியில் இருக்கிறவளுக்குக் காலால் ஏற்றுகிற ஜங்கியே ஒரு பெரும்பாடு. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து ஒட்டும் பட்டி வைத்தால், இருந்த இடத்திலேயே போடலாம், கழற்றலாம். ஒட்டும் பட்டியின் கரடான பக்கம் வெளியே பார்க்க வேண்டும், தோலில் படக் கூடாது. உணர்ச்சி இல்லாத தோலில் ஒரு தையல் முடிச்சுப் போதும், தெரியாமலே புண்ணாகிவிடும். அப்படி ஒன்றைத் தைத்துத் தரச் சொல்லி ஒரு தாய் வந்தபோது, இந்த வேலைக்கு நான் எவ்வளவு பிந்தி வந்து சேர்ந்திருக்கிறேன் என்று விளங்கியது.

காயப்போடுவதையும் சொல்ல வேண்டும். துவாயின் அடியில், சோட்டியின் அடியில், குளியலறை இருட்டில் காயப்போடுகிறோம். ஈரம் முழுக்கப் போகாமல் மறுநாள் போட்டால் அரிப்பும் படையும் வரும். வெளியே, காற்றும் வெளிச்சமும் படுகிற கொடியில் போடுங்கள். உச்சி வெயிலில் நாள் முழுக்க விட்டால் எலாஸ்ரிக் செத்துவிடும், காலை வெயில் போதும். கொதிதண்ணீரும் குளோரீனும் அதற்கு எதிரிகள்.

போன மாதம் வகுப்பில் முதல் ஜங்கி தைத்தோம். பழைய ரீ-சேர்ட்டுகளை வெட்டி முன்துண்டும் பின்துண்டும். மாமியும் வந்து பின்வாங்கில் இருந்தார். அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக அளவு எடுக்கக் கொடுத்தார்: நாற்பத்தொரு அங்குலம். இத்தனை வருடம் போட்டது முப்பத்தாறு அங்குலத்துக்கு உரியது. ஒன்றும் பேசவில்லை, வீட்டுக்குப் போய்த் தன்னுடைய பழைய பருத்திச் சீலை ஒன்றைக் கொண்டுவந்தார். கரை பிய்ந்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போயிருந்தது.

"உள்மடிப்புக்கு இதை வைக்கலாமோ பிள்ளை?"

நாலு விரல் வைத்துப் பார்த்து, தையலுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டு, வெட்டினேன்.